நாற்பத்தொரு புதுவரவுகள்

அத்தியாயம் 6

கோட்டின் வலது பக்கத் தையல் அக்குளில் ஆரம்பித்து இடுப்புவரை விட்டிருந்தது. நடுப் பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது நான் தச்சதும்மா. ரெட்டைத் தையல். தானா விடாது," என்றார் தையல்காரர். கண் கலங்கியிருந்தாலும் அந்த ஒரு வார்த்தையில் மட்டும் குரல் நிமிர்ந்தது.

அண்ணி அந்தச் சாம்பல் நிறக் கோட்டை மேஜைமேல் விரித்துப் போட்டாள். துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அதற்குக் காரணம் அவளுடைய உதவியாளன். புருஷனின் தம்பி. முப்பத்தெட்டு வயது, பாதி வழுக்கை, முழு வாய். பதினோரு வருஷம் டைல்ஸ் கடையில் இருந்து, வாடிக்கையாளர்களிடம் வாயைக் கொடுத்தே வேலையைத் தொலைத்தவன். அண்ணி, அண்ணி என்று அவன் போட்ட சத்தத்தில் அவளுடைய சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துபோனது. பதிலுக்கு ஊர் அவனைக் கொழுந்தன் என்றது.

விஷயம் இதுதான். தையல்காரரின் மனைவி கல் மியூசியத்தில் இருபத்திரண்டு வருஷமாகச் சரக்கறைப் பொறுப்பாளர். சாவிக்கொத்து இடுப்பை விட்டு இறங்காததால் அவளுக்கு அங்கே 'சாவி' என்றே பெயர். போன மாசம் சரக்கறையிலிருந்து ஒரு கல் காணாமல் போனது. சின்னக் கல் அல்ல. நூற்றுப்பத்து கிலோ. சாம்பல் உடம்பில் ஒரு பச்சை வரி வளைந்து வளைந்து ஓடும் பெரிய அகேட் கல். அதை எல்லோரும் 'யானை' என்பார்கள். அறைச் சாவி ஒருத்தியிடம்தான் இருந்தது, ஆகவே திருடி அவள்தான் என்று இயக்குநர் முடிவு கட்டிவிட்டார். நேற்று மாலை வேலையிலிருந்து நிறுத்தி, வராந்தாவில் மாட்டியிருந்த அவளுடைய கோட்டையும் பையில் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

"இன்னிக்குக் காலைல ஒம்பது மணிக்கே கூப்பிட்டு அவர் ரூம்ல உட்கார வச்சிருக்காரு. 'நான்தான் எடுத்தேன்'னு கடுதாசியில கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு விட்டுடுவாராம். பன்னெண்டு மணிக்குள்ள போடலைன்னா போலீஸாம்."

"நூத்திப்பத்து கிலோவை உங்க வீட்டம்மா எப்படி எடுத்துட்டுப் போனாங்களாம்?" என்றான் கொழுந்தன்.

"கொஞ்சம் கொஞ்சமா, சாப்பாட்டுப் பையில."

"அடேயப்பா. பேசாம அவங்களைப் பளு தூக்கற போட்டிக்கு அனுப்பியிருக்கலாமே!"

அண்ணி அவனை முறைத்தாள். பிறகு கோட்டின் கைப்பகுதியை அவன் பக்கம் தள்ளினாள். மடிப்புக்குள் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. கொழுந்தன் நகத்தால் சுரண்டினான். அது தோல் உரிவதுபோல் பெயர்ந்து வந்தது. அவன் முகத்திலிருந்த கிண்டல் காணாமல் போனது.

"அண்ணி, இது வெறும் தூசி இல்ல. தண்ணி விட்டுக்கிட்டே கல்லை அறுத்தா வர்ற சேறு. பதினோரு வருஷம் நான் இதுலதான் குளிச்சேன்."

"சரக்கறையில கல் அறுப்பாங்களா?"

"இல்லம்மா," என்றார் தையல்காரர். "அதுக்குப் பின்பக்கம் பட்டறை இருக்கு. என் சம்சாரம் அந்தப் பக்கமே போக மாட்டா. சத்தம் ஆகாது. கோட்டை வெளியில வராந்தா ஆணியிலதான் மாட்டுவா."

அப்படியானால் வேறு யாரோ எடுத்துப் போட்டிருக்க வேண்டும். அண்ணிக்கு நெற்றி லேசாகச் சுருங்கியது. "உங்க சம்சாரத்துக்கு இடுப்பு அளவு என்ன?"

தையல்காரர் கூச்சத்துடன், "இருபத்தெட்டு," என்றார்.

"இந்தத் தையலை விட வைக்கணும்னா?"

கூச்சம் போய்த் தொழில் வந்தது. அவர் கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நாப்பத்தஞ்சுக்குக் குறையாதும்மா. வயிறு முன்னாடி தள்ளின ஆள். இடது தோள் சரிவு. பாருங்க, காலர் ஒரு பக்கமாவே இழுத்திருக்கு."

"போலீஸ்காரன் கைரேகை எடுப்பான். நாம தொப்பை ரேகை எடுத்திருக்கோம்," என்றான் கொழுந்தன்.

அண்ணி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டி, தையல்காரரையும் கூட வரச் சொன்னாள். மணி பத்து இருபது.

மியூசிய வாசலில் ஒரு பேனர் காற்றில் புடைத்துக்கொண்டிருந்தது. 'இரண்டே ஆண்டுகளில் இரு மடங்கு வளர்ச்சி!' அதன் கீழே, படத்திலிருந்த கல்லைவிடப் பெரிதாக, கை கட்டிய இயக்குநர் சிரித்தார். அன்றைக்கு அவருடைய வளர்ச்சி விழா. அந்தச் சொல் இல்லாமல் அவரால் தும்மக்கூட முடியாது என்பதால் சிப்பந்திகள் அவருக்கே 'வளர்ச்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வாசல் காவலர் பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கேட்ட கேள்விக்கு அவர் ரோஷத்துடன் பதில் சொன்னார்.

"இந்த வாசலைத் தவிர வேற வழி கிடையாதும்மா. வெளிய போற பை எல்லாத்தையும் நான் திறந்து பாக்கறேன். இயக்குநர் பையைக்கூட விட மாட்டேன். யானை என்ன, ஒரு கூழாங்கல்லு வெளிய போகல. இதைச் சொன்னா, 'அப்ப நீயும் கூட்டா'ன்னு கேக்கறாரு."

வாசலில் வருகிறவர்களை எண்ணும் மெஷின் இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது. கொழுந்தன் உள்ளே நுழைந்தான். பதிமூன்று. ஏதோ நினைத்துக்கொண்டு வெளியே வந்தான். பதினான்கு. மறுபடி நுழைந்தான். பதினைந்து.

"அண்ணி, நான் மூணு பேரு."

"எனக்கு ஒருத்தனே தாங்கல. வா."

இரண்டு வருஷத்துக்கு முன் மியூசியத்தில் மூன்று அரங்குகள் இருந்தன. இப்போது ஏழு. மூன்றாம் அரங்கின் சுவரைக் கொழுந்தன் விரலால் தட்டினான். 'டொக் டொக்' என்றது. பிளைவுட். இரண்டு அரங்குகளுக்கு நடுவில் ஒரு ஜன்னல் அகப்பட்டுக்கொண்டு, பாதி மூன்றாம் அரங்கிலும் பாதி நான்காம் அரங்கிலுமாக நின்றது. கம்பிகளில் ஒன்று தடுப்புக்குள்ளேயே புதைந்துபோயிருந்தது. பழைய கண்ணாடிப் பெட்டிகளும் அதே கதிதான். ஒன்றாக இருந்த தட்டைப் பிரித்து, இந்த அரங்கில் நாலு கல், அந்த அரங்கில் நாலு கல் என்று ஏழை வீட்டுக் கறி மாதிரி பங்கு போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு விளக்கு. விளக்குக்கு மட்டும் பஞ்சமில்லை.

பின்பக்கப் பட்டறை பூட்டியிருந்தது. கதவில் 'இயந்திரம் பழுது' என்று ஒரு அட்டை. அடியில் தண்ணீர் வடியும் குழாயில் அதே வெளிறிய சேறு இறுகிப் போயிருந்தது.

"பழுதான மெஷின் இவ்வளவு சேறு கக்குமா?" என்றான் கொழுந்தன். "வாரக்கணக்கா அறுத்திருக்காங்க, அண்ணி. யானையைத் துண்டு போட்டாச்சு. சரி, துண்டெல்லாம் எங்க? வாசல் வழியா போகல. புதைக்கத் தோட்டம் கிடையாது. முழுங்கவா முடியும்?"

அண்ணி பாதி ஜன்னலையும் வாசல் மெஷினையும் மனத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டோரம் மெல்ல வளைந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. யாரையோ நினைத்து அருவருத்த மாதிரி இருந்தது.

"தம்பி, இந்தக் கட்டடத்துக்குள்ள புதுசா எதாவது வந்ததைப் பாத்தியா? ஆளை ரெண்டு தடவை எண்ணினா கூட்டம் ரெண்டு மடங்கு. ரூமைத் தடுத்தா அரங்கு ரெண்டு மடங்கு. இந்த மனுஷனுக்கு வளர்க்கத் தெரியாது. வெட்டத்தான் தெரியும்."

"அப்போ கல்லு?"

"வளர்ச்சின்னு பேனர்ல போட்டிருக்கே, கல்லும் வளர்ந்திருக்கும். வா, எங்க வளர்ந்திருக்குன்னு பாக்கலாம்."

ஏழாம் அரங்குக்குப் 'புதுவரவுகள்' என்று பெயர். விழா அங்கேதான். சுவரோரம் கறுப்புத் துணி விரித்த நீளமான பலகையில், புத்தகம் அளவுக்கு, பளபளவென்று தேய்த்த கல் தகடுகள் வரிசையாக நின்றன. நாற்பத்தொன்று. ஒவ்வொன்றின் கீழும் வந்த ஊரும் கொடுத்தவர் பெயரும் எழுதிய அட்டை. ஒன்று பாலைவனத்தில் கிடைத்ததாம். இன்னொன்று ஏதோ தீவின் கடற்கரையில். வேறொன்று பனிமலை உச்சியில். கொடுத்த நாற்பத்தொரு பெரிய மனிதர்களும் முன்வரிசைகளில், மடியில் நன்கொடைச் சான்றிதழுடன், புகைப்படக்காரருக்குத் தோதாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மியூசிய அறக்கட்டளைத் தலைவி.

மேடையில் இயக்குநர் கையை வீசிப் பேசினார். பின்னால் திரையில் ஒரு அம்பு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

"வளர்ச்சி என்பது எண்ணிக்கை மட்டுமல்ல..."

"நாப்பத்தாறு," என்றார் தையல்காரர் அண்ணியின் காதில். அவர் இயக்குநரைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். "இடது தோள் அரை இஞ்சு சரிவு. அவரேதாம்மா."

"தொப்பையை வச்சு யாரையும் உள்ள தள்ள முடியாதுண்ணே. இந்தத் தகடுகளைப் பாருங்க. உங்களுக்கு என்ன தோணுது?"

தையல்காரர் பலகையை நெருங்கிக் குனிந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஏழாவதாக இருந்த பாலைவனத்துக்கும் பத்தொன்பதாவதாக இருந்த தீவுக்கும் நடுவே நடந்து நடந்து பார்த்தார்.

"கோடு போட்ட சட்டைக்குப் பை வைக்கிறப்போ கோட்டோட கோடு சேரணும்மா. சேராட்டி தையல்காரன் மட்டம். இது ரெண்டும் சேருது. ஒரே துணியில வெட்டினது."

அவர் இரண்டையும் தூக்கினார். காவலுக்கு நின்ற பெண் "சார், தொடாதீங்க!" என்று கத்துவதற்குள் பாலைவனத்தைத் தீவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பாலைவனத்தில் அறுந்த பச்சை வரி, தீவில் அப்படியே தொடர்ந்து ஓடியது. மயிரிழை பிசகவில்லை. மூன்றாவதாகப் பனிமலையைச் சேர்த்தார். வரி வளைந்து மேலே ஏறியது.

பேச்சு நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"யார் நீங்க?" என்றார் இயக்குநர் மைக்கில்.

"உங்க ரூம்ல உட்கார வச்சிருக்கீங்களே, அவங்க சார்பா வந்திருக்கேன்," என்றாள் அண்ணி. "யானை காணாமப் போகல சார். நாற்பத்தொரு துண்டா இங்கேயே விளக்குப் போட்டு நிக்குது. மாத்துச் சாவி போட்டுத் திறந்து எடுத்து, நீங்களே பட்டறையில நின்னு அறுத்திருக்கீங்க. சட்டை அழுக்காகக் கூடாதுன்னு அந்தம்மா கோட்டை எடுத்துப் போட்டீங்க. அது உங்களுக்குப் பத்தல. எண்ணிக்கை ஏறிடுச்சு, ஆனா பழைய பதிவேட்டுல ஒரு பெரிய கல் குறையுது. அதுக்கு ஒரு திருடி வேணும். சாவி வச்சிருந்தவங்க வசதியா கிடைச்சாங்க."

இயக்குநர் பதறவில்லை. அதுதான் அண்ணிக்கு முதலில் உறுத்தியது. அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்து, முன்வரிசையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"ஒரே மாதிரி கல் உலகத்துல எவ்வளவோ இருக்கும்மா. இந்தக் கற்களைக் கொடுத்த நாற்பத்தொரு பெரியவங்க இதோ உட்கார்ந்திருக்காங்க. இத்தனை பேரும் பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?"

அப்போதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் அண்ணிக்கு முழுசாகப் புரிந்தது. இல்லாத மனிதர்களின் பெயரை அவர் எழுதவில்லை. இருக்கிறவர்களின் பெயரை எழுதிச் சான்றிதழ் அனுப்பியிருக்கிறார். கொடுக்காத கல்லுக்கு வந்த மரியாதையை ஒருத்தர்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

அவள் தலைவியின் முன்னால் போய் நின்றாள். "அம்மா, உங்க பேர்ல இருக்கற கல்லை எங்க வாங்கினீங்க?"

தலைவி சான்றிதழை மடியில் இரண்டாக மடித்தாள். "ரொம்ப நாளாச்சு. ஞாபகம் இல்ல."

"நீங்க, சார்?"

பக்கத்திலிருந்த பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். அவருக்கு அடுத்தவர் தன் காலணியைப் பார்த்தார். நாற்பத்தொரு பேரும் எங்கெங்கோ பார்த்தார்கள். சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பத்தெட்டு காட்டியது. தையல்காரர் கையில் பனிமலையைப் பிடித்தபடி அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தாங்கவில்லை.

"பேச்சு முடிஞ்சுதா? வளர்ச்சி பிடிக்காதவங்க எல்லா ஊர்லயும் இருப்பாங்க," என்றார் இயக்குநர். இரண்டு பேர் கை தட்டினார்கள்.

அண்ணி நாற்பத்தொரு முகங்களையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். ஜவுளிக் கடையில் கறை பட்ட துணியை ஒதுக்குகிறவள் மாதிரி பார்த்தாள்.

"சரி சார். நான் ஒத்துக்கறேன். இவங்க யாரும் பொய் சொல்லல. இவங்கதான் குடுத்தாங்க." அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "தம்பி, போலீஸுக்கு போன் போடு. காணாமப் போன யானையோட துண்டு நாற்பத்தொரு பேர் கையில இருந்திருக்கு. யார் யார்னு தேட வேண்டாம். அட்டையிலயே பேர் இருக்கு. திருட்டுக் கல் எப்படிக் கைக்கு வந்துச்சுன்னு ஒவ்வொருத்தரா ஸ்டேஷன்ல வந்து சொல்லட்டும்."

"பெரிய வேனா அனுப்பச் சொல்றேன், அண்ணி. ரெண்டு ட்ரிப் அடிக்கணும்," என்றபடி கொழுந்தன் போனை எடுத்தான்.

ஒரு நாற்காலி கிரீச்சென்றது. நன்கொடையாளர்களின் கடைசி வரிசையில் ஒரு நீச்சல் டீச்சர் எழுந்து நின்றாள்.

"நான் கல்லே குடுக்கலைங்க! ஒரு நாள் தபால்ல சான்றிதழ் வந்துச்சு. யாருக்கோ வந்தது நமக்கு மாறி வந்துடுச்சுன்னு நினைச்சேன். பேர் சரியா இருந்துச்சு. அதனால ஃப்ரேம் போட்டு வச்சுக்கிட்டேன்."

"எனக்கும் தபால்லதான் வந்துச்சு," என்றார் பல் டாக்டர் அவசரமாக. கூரையில் அவருக்கு இனி பார்க்க ஒன்றுமில்லை.

பிறகு நடந்தது கண்கொள்ளாக் காட்சி. எனக்கும், எனக்கும் என்று குரல்கள் முட்டிமோதின. ஒருவர் கற்களே பிடிக்காது என்றார். இன்னொருவர் சான்றிதழை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, தான் வேறு யாருக்கோ துணையாக வந்ததாகச் சத்தியம் செய்தார். காலைவரை தலை நிமிர்ந்து சுமந்த கௌரவத்தைச் சூடான பாத்திரம் மாதிரி ஆளுக்கு ஆள் கீழே போட்டார்கள்.

கடைசியாக எழுந்தது தலைவி. "நானும் எதுவும் குடுக்கல," என்றாள். அண்ணியைப் பார்க்கவில்லை. இயக்குநரைப் பார்த்தாள். "எங்கிட்ட நீங்க, மத்த நாற்பது பேரும் நிஜமா குடுத்தாங்கன்னு சொன்னீங்க. அதனால நான் ஒருத்தி மட்டும்தானேன்னு இருந்துட்டேன்."

இயக்குநர் வாயைத் திறந்தார். மைக் கையிலேயே இருந்தது. அந்த மனிதரிடம் முதல் தடவையாக எண்ணிக்கை எதுவும் வரவில்லை. திரையில் அம்பு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. கொழுந்தன் போய் அதன் ஒயரைப் பிடுங்கினான். "போதும், மேல கூரை இருக்கு," என்றான்.

தையல்காரர் ஓடிப்போய் மனைவியை அழைத்து வந்தார். சாவி ஒல்லியான, நெடிய பெண்மணி. மூன்று மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்ததில் நடை கொஞ்சம் இழுத்தது. கையில் அந்தக் கடுதாசி. கையெழுத்து இல்லை. அரங்கில் இருந்த யாரையும் அவள் பார்க்கவில்லை. நேரே பலகைக்குப் போய், தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, உதடு அசைய எண்ணினாள். பச்சை வரி ஒன்றில் அவள் விரல் சற்று நின்று, பிறகு நகர்ந்தது.

"நாப்பத்தொண்ணுதான் இருக்கு," என்றாள். "நாப்பத்திரண்டாவது சார் மேஜையில இருக்கு. தேய்ச்சு, பேர் செதுக்கி, பேர்ப்பலகையா வச்சிருக்காரு."

அண்ணிக்கே தூக்கிவாரிப்போட்டது. "அப்போ உங்களுக்குக் காலையிலேயே தெரியுமா?"

"ஒம்பது மணில இருந்து அதைத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன். இருபத்திரண்டு வருஷம் தூசி தட்டின கல்லு எனக்குத் தெரியாதா?"

"சொல்லியிருக்கலாமேம்மா!" என்றான் கொழுந்தன்.

"யார்கிட்ட? பேர் போட்டவர்கிட்டயேவா? வேற ஒருத்தர் வந்து கேக்கட்டும்னு இருந்தேன். யாரும் வரல. கையெழுத்துப் போடு, கையெழுத்துப் போடுன்னுதான் வந்து வந்து கேட்டாங்க."

தலைவி கொழுந்தனின் போனை வாங்கினாள். போலீஸுக்குத் தானே பேசினாள். பேசி முடித்துவிட்டுச் சாவியிடம் வந்து, தொண்டையைச் செருமி, நீளமாக ஆரம்பித்தாள். மியூசியத்தின் நற்பெயர், நடந்துவிட்ட வருந்தத்தக்க தவறு, அறக்கட்டளையின் சார்பில் என்று வாக்கியம் வளர்ந்துகொண்டே போனது. புகைப்படக்காரர்கூடக் கேமராவைத் தூக்கிவிட்டார்.

சாவி அதற்குள் சில தகடுகளைத் தரையில் இறக்கி வைத்து, ஒரு மரப்பெட்டியை இழுத்து வந்திருந்தாள். புருஷன் பழைய பேப்பரைக் கசக்கிக் கசக்கி உள்ளே போட, அவள் பாலைவனத்தின் அட்டையைக் கிழித்தெறிந்துவிட்டுத் தகட்டைப் படுக்க வைத்தாள்.

"அதனால, நீங்க எப்போ திரும்ப வேலையில சேரலாம்னு..." என்றாள் தலைவி.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து நில்லுங்கம்மா," என்றாள் சாவி, நிமிராமல். "தீவு உங்க காலடியில கிடக்கு."